பெர்லின் பில்ஹார்மனி: மேடை நடுவில்தானா?

கோட்டுப்படம்: கொழும்பில் கச்சேரி மண்டபம் கட்டினால் பெர்லின் பில்ஹார்மனி மாதிரி மேடையை நட்டநடுவில் வைக்கவேண்டும் என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். வரைபடத்தைப் பார்த்துவிட்டு எழுதக்கூடாதா? கட்டடக்கலைஞர் ஹான்ஸ் ஷரூன் கட்டிய அந்த மண்டபத்தில் மேடை நடுவில் இல்லை. முன்பக்கத்தில்தான் பெருவாரியான இருக்கைகள்.

வெள்ளவத்தை வாணன்: எழுதியது நான்தான். இசை நடுவில் என்பது ஷரூனுடைய கொள்கையே. மண்டபம் திறந்த 1963இலிருந்து உலகம் அப்படித்தான் சொல்கிறது.

கோட்டுப்படம்: கொள்கை வேறு, கட்டடம் வேறு. ஒலியியல் பார்த்த லோதர் கிரேமரே முதலில் தயங்கினார். வாய்ப்பாட்டும் ட்ரம்பெட்டும் முன்னோக்கித்தான் ஒலியைத் தள்ளும். பாடகரின் முதுகுப்பக்கம் உயிரொலி வரும், ச, ட, த எல்லாம் மழுங்கிவிடும். நம் சாகித்தியத்தை அப்படியா கேட்பது?

தனியாவர்த்தனம்: சாகித்தியத்தை விடுங்கள். அங்கே ஒலி அடங்க ஏறக்குறைய 2 செக்கன். மிருதங்கத்தின் வேகச்சொல் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். அதை ஒருவரும் கதைக்கவில்லை.

வெள்ளவத்தை வாணன்: இருக்கைகளைத் திராட்சைத் தோட்டம்போலத் தட்டுத்தட்டாக உடைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தட்டின் முகப்புச் சுவரும் ஒலியைப் பக்கவாட்டில் உடனே தெறிக்கவைக்கும். நடுமேடையின் பலன் அது.

கோட்டுப்படம்: அது தட்டுகளின் பலன், நடுமேடையின் பலன் இல்லை! நடுமேடையால் வந்தது சிக்கல்தான். மேடைக்கு மேல் கூரை 22 மீட்டர். ஒலி போய்வர 40 மீட்டருக்கு மேல், சுமார் 120 மில்லி செக்கன். அருகே சுவரும் இல்லை; வாத்தியக்காரர் ஒருவரையொருவர் கேட்பது சிரமம். அதனால்தான் மேடைக்கு மேல் தெறிப்புப் பலகைகளைத் தொங்கவிட்டார்கள்.

தெகிவளை வாசகி: திறப்பு நாளிலேயே மண்டபத்தின் வெளிச்சுவரில் அந்தப் பொன்னிறத் தகடு மின்னியதாக வாணன் அண்ணை போன கிழமை எழுதினாரே, அதுவும் பிழை. 1970களின் கடைசியில்தான் போர்த்தத் தொடங்கினார்கள்.

வெள்ளவத்தை வாணன்: தகட்டை ஏன் இழுக்கிறீர்கள் தங்கச்சி? கொழும்பு நெலும் பொக்குண அரங்கம் பற்றிய விவாதத்தில் தோற்ற கோபமா?

தெகிவளை வாசகி: தோற்றது நானில்லை. பதில் சொல்லாமல் போனது நீங்கள்.

தனியாவர்த்தனம்: 2 செக்கனுக்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை வாணன்: நாலு பக்கமும் ஆள் இருந்தால் அது நடு.

கோட்டுப்படம்: அடிமட்டத்தை வரைபடத்தில் வைத்து அளந்து பாருங்கள். நடு இல்லை.

வெள்ளவத்தை வாணன்: நடுதான்.