சர்வீஸ் பட்டறை காங்கிரீட் தரை: எபாக்ஸி அடிச்சா போதுமா?

பட்டறைக்காரன்:
20×30 அடி டூவீலர் பட்டறை. 5 அங்குலம் காங்கிரீட் போட்டு ரெண்டு மாசம் ஆச்சு, மேலே எதுவும் பூசல. நடுவுல நீளவாக்குல வாய்க்கால். கூட்டினா தூசி பறக்குது, கழுவினா ரெண்டு இடத்துல தண்ணி நிக்குது, ஆயில் கறை இறங்குது. அரை அங்குலம் சிமென்ட் பூசிடலாம்னு கொத்தனார் சொல்றார். நேரா எபாக்ஸி (ரெண்டு பாகம் கலந்து அடிக்கிற பிசின் பூச்சு) அடிக்கலாமா?

மட்டப்பலகை:
அரை அங்குலப் பூச்சு வேண்டாங்க. சென்டர் ஸ்டாண்ட் குத்துற இடத்துல பெயர்ந்துடும். எபாக்ஸியும் தண்ணி நிக்கிறதைச் சரிபண்ணாது, முதல்ல வாட்டம், அதாவது தண்ணி ஓடுற சரிவு. சுவர்லேர்ந்து வாய்க்கால் வரை 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் இறக்கம் வேணும். டியூப் லெவல் (தண்ணி நிரப்பின மட்டக் குழாய்) வெச்சு 3 அடிக்கு ஒரு புள்ளி எடுங்க. மேட்டை டைமண்ட் கப் கிரைண்டரால தேய்ச்சு இறக்கலாம். பள்ளத்துக்கு பாலிமர் ரிப்பேர் மோர்ட்டார் (பாலிமர் சேர்த்த சிமென்ட் கலவை). ஆனா ஓரத்தை இழைச்சு இழைச்சு மெலிசா முடிச்சா அங்கேதான் முதல்ல உடையும். பள்ளத்தைச் சுத்தி 10 மி.மீ. ஆழம் வெட்டி, நனைச்சு, மேல நிக்கிற தண்ணியைத் துடைச்சுட்டு நிரப்புங்க.

பூச்சுவேலை:
வாட்டம் முடிஞ்சதும் ஆயில் கறையை டீகிரீஸர் போட்டுத் தேய்ச்சுக் கழுவுங்க. ஆசிட் ஊத்தினா ஆயில் போகாது. அப்புறம் முழுத் தரையையும் கிரைண்ட் பண்ணி சிமென்ட் பாலை (மேல படிஞ்ச பலமில்லாத மெல்லிய படலம்) எடுக்கணும். எபாக்ஸி உரியுதுன்னு வர்ற புகார் பலதும் இதை விட்டதாலதான்.

அடிக்கிறதுக்கு முன்னால ஒன்றரை அடி சதுர பாலிதீனை நாலு பக்கமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விடுங்க. அடியில துளி கட்டினாலோ தரை கறுத்தாலோ எபாக்ஸி கொப்புளிக்கும்.

அளவு: 56 சதுர மீட்டர், சால்வென்ட் இல்லாத எபாக்ஸி 200 மைக்ரான் (0.2 மி.மீ.) வீதம் ரெண்டு கோட், சுமார் 22 லிட்டர். சேதாரம் சேர்த்து 25 வாங்குங்க, பிரைமர் தனி. கலந்ததை பக்கெட்லயே வெச்சிருக்காதீங்க, சூடேறி இறுகிடும்; உடனே தரையில ஊத்திப் பரப்பணும். முதல் கோட் ஈரமா இருக்கும்போதே குவார்ட்ஸ் மணல் தூவுங்க, இல்லேன்னா தண்ணி பட்டா வழுக்கும். வாய்க்கால் விளிம்புல பூச்சை அப்படியே நிறுத்தாம 5 மி.மீ. காடி வெட்டி அதுக்குள்ள இறக்கி முடிங்க. காங்கிரீட் ஜாயின்ட்ல எபாக்ஸி நிரப்பாதீங்க, பியூ (பாலியூரிதேன்) சீலன்ட்தான்.

பட்டறைக்காரன்:
பாலிதீன் சோதனை பார்த்தாச்சு. துளி கட்டியிருக்கு. காங்கிரீட்டுக்கு அடியில ஈரம் தடுக்கிற பிளாஸ்டிக் ஷீட் விரிக்கல.

மட்டப்பலகை:
அப்போ எபாக்ஸியை மறந்துடுங்க, அடியிலேர்ந்து ஈரம் ஏறிக்கிட்டே இருக்கும். கிரைண்ட் பண்ணி லித்தியம் சிலிகேட் ஹார்டனர் அடிச்சா காங்கிரீட்ல இருக்கிற சுண்ணாம்போட சேர்ந்து இறுகும், தூசி நிக்கும். கறையை முழுசா தடுக்காது, பேட்டரி ஆசிட்டையும் தாங்காது. வண்டி கழுவுற பகுதிக்கு மட்டும் 6 மி.மீ. பியூ சிமென்ட் போடலாம். விலை கூடுதல்தான், ஆனா ஈரத்தையும் வெந்நீரையும் தாங்கும்.

பூச்சுவேலை:
வாய்க்கால் தண்ணி நேரா சாக்கடைக்குப் போகுதுன்னா நடுவுல மூணு அறைத் தொட்டி கட்டுங்க. முதல் அறையில மண் தங்கும், ரெண்டாவதுல ஆயில் மிதக்கும். அங்கேர்ந்து மூணாவது அறைக்குப் போற குழாய்க்கு எல்போவைக் கீழ்நோக்கி மாட்டி வாயை நீர்மட்டத்துக்கு ஒரு அடி கீழே வைங்க. மிதக்கிற ஆயிலை வழிச்சு வேஸ்ட் ஆயில் டிரம்ல சேர்த்துடுங்க.