பித்தளைக் கீறற்கருவி ஒன்றின் காலத்தை அறிய உதவி வேண்டும்

ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றின் மருந்துச்சாலையில் பணியாற்றிய தாத்தாவின் தகரப் பெட்டியில், உள்ளங்கைக்குள் அடங்கும் எண்கோணப் பித்தளைக் கருவி ஒன்று கிடைத்துள்ளது. மேலுள்ள நெம்புகோலை இழுத்துப் பூட்டிப் பக்கத்துப் பொத்தானை அழுத்தினால், அடித்தட்டின் பிளவுகளிலிருந்து 12 சிறு கத்திகள் ஒருசேர அரைவட்டமாகச் சுழன்று மறைகின்றன. வெட்டின் ஆழத்தை மாற்றத் திருகும் உண்டு. தோலைக் கீறி, சூடேற்றிய கண்ணாடிக் குப்பியைக் கவிழ்த்து இரத்தம் இழுக்க 19ஆம் நூற்றாண்டில் பயன்பட்ட கருவி இது.

சித்த மருத்துவத்திலும் அட்டை விடல், குருதி வாங்கல் உண்டென்பதால் நாட்டு வைத்தியருடையதாக இருக்கலாம் என்கிறார் சித்தப்பா. வில்லமைப்பைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாரிஸ் மருத்துவர் பியேர் லூயி, நுரையீரல் அழற்சிக்குக் குருதி வாங்கும் முறை பெரிதும் பயன்படுவதில்லை என 1835இலேயே எண்ணிக்கைகளால் காட்டியிருக்க, இலங்கையின் முதல் வணிகத் தேயிலைத் தோட்டமான லூல்கந்துரவில் தேயிலை பயிரிடப்பட்டதோ 1867இல். ஆகவே இது தேயிலைக்கு முன் தோட்டங்களில் கோப்பி பயிரிடப்பட்ட காலத்துப் பொருளோ என ஐயுறுகிறேன்.

நெம்புகோலின் கீழே தேய்ந்த எழுத்துகள் தெரிகின்றன. இத்தகைய முத்திரைகளை வாசிக்கத் தெரிந்தவர்களும், பித்தளைக்குச் சேதமின்றி உருக்குக் கத்திகளின் துருவை அகற்றும் வழி அறிந்தவர்களும் தயவுசெய்து தெரிவியுங்கள். அதுவரை நான் எதையும் தேய்க்கப் போவதில்லை.