ஊர்ச் சொத்தை விற்கும் முன்: அமெரிக்காவில் ஓய்வு பெற்றவர்களுக்கு மெடிகேர் பிரீமியம் பற்றி

அண்மையில் அமெரிக்காவில் குடியேறி, ஊரிலுள்ள வீட்டையோ மனையையோ விற்று ஓய்வுக்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விற்றால் வரி எவ்வளவு என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். ஆனால் 65 வயதைக் கடந்தவர்களுக்கு அதே விற்பனை இரண்டு ஆண்டு கழித்து, மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டின் பிரீமியத்தையும் ஏற்றிவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

2023-இல் தாம்பரத்தில் எங்களுக்கிருந்த மனையை விற்றேன். லாபம் சுமார் 1 கோடியே 20 லட்சம் ரூபாய், அதாவது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1,45,000 டாலர். ஓய்வூதியக் கணக்கிலிருந்து எடுப்பதும் சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்தில் வரிக்குட்பட்ட பகுதியுமாக எங்கள் வழக்கமான வருமானம் 90,000 டாலர். இரண்டும் சேர்ந்து அந்த ஆண்டின் கணக்கு 2,35,000-ஐத் தொட்டது. 2024 இறுதியில் என் பெயருக்கு ஒன்றும் மனைவி பெயருக்கு ஒன்றுமாக இரண்டு கடிதங்கள் வந்தன. மருத்துவர் செலவுக்கான பார்ட் பி-யின் 2025 பிரீமியம் மாதம் 185 டாலர் அல்ல, ஆளுக்கு 259 டாலர்; மருந்துக்கான பார்ட் டி-யில் மேலும் 13.70 டாலர். இருவருக்குமாக ஓராண்டில் கூடுதலாகப் போனது 2,100 டாலருக்குச் சற்று மேல்.

வருமானத்தைப் பொறுத்து விதிக்கப்படும் இந்தக் கூடுதல் தொகையைத்தான் இங்குள்ளவர்கள் ‘இர்மா’ என்கிறார்கள். 2025-இல் அதன் முதல் வரம்பு தனிநபருக்கு 1,06,000 டாலர், கூட்டாகக் கணக்குத் தாக்கல் செய்யும் தம்பதிக்கு 2,12,000 டாலர். 2026-இல் அவை 1,09,000, 2,18,000 என உயர்ந்துள்ளன. வருமான வரியைப் போல வரம்பைத் தாண்டிய பகுதிக்கு மட்டும் என்ற பேச்சே இதில் இல்லை. ஒரு டாலர் தாண்டினாலும் அந்தப் படிக்குரிய முழுத் தொகையையும் கட்ட வேண்டும்.

‘இந்தியாவிலேயே வரி கட்டிவிட்டேனே’ என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அங்கே கட்டிய வரியை இங்கே கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கழிவு வரியைத்தான் குறைக்குமே தவிர, வருமானத்தைக் குறைக்காது. மெடிகேர் பார்ப்பதோ வருமானத்தை. மனை இரண்டு பத்திரங்களாக இருந்து, ஒன்றை 2023 டிசம்பரிலும் மற்றதை 2024 ஜனவரியிலும் பதிவு செய்திருந்தால், எந்த ஆண்டிலும் நாங்கள் வரம்பை எட்டியிருக்க மாட்டோம். ஒரு மாத இடைவெளிதான்!

தாய் தந்தையரிடமிருந்து வாரிசாக வந்த சொத்து என்றால் இன்னொரு செய்தி உண்டு. அமெரிக்கக் கணக்கில் அதன் அடக்க விலை, அவர்கள் வாங்கிய விலை அன்று. அவர்கள் காலமான நாளில் இருந்த சந்தை மதிப்பு. அந்தத் தேதிக்கு ஒரு பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் சான்று வாங்கி வைத்திருந்தால் லாபம் கணிசமாகக் குறையும். பத்தாண்டு கழித்து அந்த மதிப்பைத் தேடி அலைவது பெரும்பாடு.

சொத்தே இல்லாதவர்களும், வெளிநாட்டில் வாழும் இந்தியர் இந்திய வங்கியில் வைத்திருக்கும் என்ஆர்இ வைப்புத்தொகையின் வட்டியை மறந்துவிடக் கூடாது. இந்தியாவில் வரி இல்லாத அந்த வட்டி அமெரிக்காவில் வருமானமே. சோஷியல் செக்யூரிட்டியில் பாதியும் மற்ற வருமானமும் சேர்ந்து தம்பதிக்கு 32,000 டாலரைத் தாண்டினால் அந்த சோஷியல் செக்யூரிட்டிப் பணத்தில் 50 விழுக்காடு வரையிலும், 44,000-ஐத் தாண்டினால் 85 விழுக்காடு வரையிலும் வரிக்குள் வரும். விலைவாசி எவ்வளவோ ஏறியும் இந்த எல்லைகள் பல பத்தாண்டுகளாக அசையவில்லை. வரி கட்டிய பணத்தைச் சேமிக்கும் ராத் என்ற ஓய்வூதியக் கணக்கிலிருந்து முறைப்படி எடுக்கும் பணம் மட்டும் மெடிகேர் வரம்பிலும் சேராது, சோஷியல் செக்யூரிட்டி எல்லையிலும் சேராது. ஆனால் வரி கட்டாமல் சேர்த்த பழைய ஓய்வூதியக் கணக்கை ராத்துக்கு மாற்றும் ஆண்டில், மாற்றும் தொகை முழுவதும் வருமானமாகச் சேரும்.

பெற்றோரைக் கிரீன் கார்டில் அழைத்து வந்தவர்கள் கவலைப்பட வேண்டாம். ஐந்தாண்டு தொடர்ந்து இங்கே வசித்த பிறகு அவர்கள் பார்ட் பி வாங்கும்போது பார்க்கப்படுவது அவர்களுடைய வருமானமே. பிள்ளையின் சம்பளம் அதில் சேராது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் மார்க்கெட்பிளேஸ் என்ற அரசு இணையச் சந்தையில் வாங்கும் காப்பீட்டின் மானியத்துக்கு நிலைமை வேறு. வரிக் கணக்கில் அவர்களை உங்களைச் சார்ந்தவர்களாகக் காட்டினால், அங்கே கணக்கில் வருவது உங்கள் குடும்ப வருமானம்.

கூடுதல் பிரீமியத்தைக் குறைக்கக் கோர எஸ்எஸ்ஏ-44 என்ற படிவம் உள்ளது. வேலையை விட்டது, துணை இறந்தது, மணமுறிவு போன்ற காரணங்களை ஏற்பார்கள். நானும் அதை அச்சிட்டு, பெயரும் எண்ணும் நிரப்பிய பிறகுதான் காரணப் பட்டியலைப் படித்தேன். விரும்பி விற்ற சொத்துக்கு அதில் இடமில்லை. படிவத்தை மடித்து வைத்துவிட்டு, 12 மாதமும் கட்டினேன். 2024-இன் வருமானம் வழக்கம்போல் இருந்ததால், 2026 ஜனவரியில் எங்கள் இருவருக்கும் பிடிக்கப்பட்டது ஆளுக்கு 202.90 டாலர், எல்லோருக்கும் உள்ள அடிப்படைத் தொகை.