மறு: "போலிச் சுருள்" வேண்டாம், "மறுபெயர்ச் சுருள்" எனலாமா?

வணக்கம். ஒரு நிறுவனம் செய்த கமராப் பிலிமை இன்னொரு நிறுவனம் தன் பெயரில் விற்றால் (rebranded film) அதைத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நம் அகராதிக்காகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அதில் ஒருவர் எழுதியதற்கு இது என் பதில்.

> ஒருவர் தயாரித்த பிலிமை இன்னொருவர் தன் பெயரில் விற்பதால் "போலிச் சுருள்" என்பதே பொருத்தம்.

இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. போலி என்றால் ஏமாற்று. இங்கே ஏமாற்று எதுவும் இல்லை. அரிஸ்டா ஈடியூ அல்ட்ரா 100 என்று அமெரிக்காவில் விற்பது, செக் நாட்டில் 1921இல் தொடங்கிய ஃபோமா ஆலையின் ஃபோமாபான் 100 தான். படம் பிடிக்கிறவர்களுக்கு இது தெரிந்த விடயம். பெட்டி வேறு, விலை வேறு, உள்ளே இருப்பது ஒன்று.

போன மாதம் இரண்டிலும் படம் எடுத்து, கிளிநொச்சியில் எங்கள் வீட்டிலேயே கழுவினேன் (படம் தெரியும்படி மருந்தில் போட்டு எடுப்பது). இரண்டும் 120 அளவு றோல்கள், கனடாவில் இருந்து வந்த மருமகன் கொண்டுவந்தவை. மருந்துக்கு 20 பாகை வேண்டும், எங்கள் கிணற்றுத் தண்ணீரோ 29. கடையில் ஐஸ்கட்டி வாங்கிப் பேசினில் போட்டுக் காத்திருந்தேன். மருந்து விடுமுன் ஒருதரம் வெறுந்தண்ணீரில் அலசி ஊற்றினேன். ஃபோமாபான் தண்ணீர் பச்சை மை கரைத்ததுபோல் வந்தது. அரிஸ்டாவும் அதே பச்சை. ஒரே நேரக் கணக்கில் கழுவினேன், இரணைமடுக் குளத்து வான்கதவுப் படங்கள் இரண்டு சுருளிலும் ஒரே அடர்த்தியில் நின்றன.

ஆகவே நமக்கு வேண்டிய சொல், "இதன் மூலம் எது?" என்று கேட்க வைக்கவேண்டும். அது தெரிந்தால்தான் கழுவும் நேரம் தெரியும். "மறுவணிகக்குறியீட்டுப் படச்சுருள்" பிழையில்லை, ஆனால் கடையில் நின்று யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள். நான் முன்பு சொன்ன "மாற்றுறைச் சுருள்" (உறை மாற்றிய சுருள்) என்பதையும் மீளப் பெறுகிறேன். வாசித்துக் காட்டியபோது மகள் "மாற்றுரை" என்றே எழுதினாள். றகர ரகர வேறுபாடு எங்கள் பேச்சில் அவ்வளவாக இல்லை.

"மறுபெயர்" ஏற்கெனவே நம்மிடம் உள்ள சொல். வன்னியில் வீட்டுப்பேர் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று என்று இருப்பவர்கள் எத்தனை பேர்! யாரும் அவர்களைப் போலி என்பதில்லை. எனவே மறுபெயர்ச் சுருள். மூலத்துக்குத் தாய்ச்சுருள். "ரோலை ரெட்ரோ 80எஸ்ஸின் தாய்ச்சுருள் அக்ஃபாவின் அவிஃபொட்" என்று எழுதிப் பாருங்கள் (முன்னது மறுபெயரில் விற்கும் பிலிம், பின்னது மூலம்), இடறாமல் வருகிறது.

> பயன்பாடே மாறிவிட்டால்?

நல்ல கேள்வி. ஒரு வேலைக்குச் செய்த பிலிமை வேறு வேலைக்கு விற்றால் அதற்கு வேறு சொல் வேண்டுமா என்பதுதானே. அவிஃபொட் விமானத்தில் இருந்து தரையைப் படம் பிடிக்கச் செய்தது. சிவப்பை மற்றப் பிலிம்களைவிட நன்றாகப் பிடிக்கும், அதனால் நம் செம்மண் ஒழுங்கைகள் வெளிறி, கிட்டத்தட்ட மணல் பாதையாக விழும். அடித்தளம் பொலியெஸ்டர் என்பதால் நுனியில் பட்ட வெளிச்சம் உள்ளே ஓடிவிடும், நிழலில் நின்றே கமராவில் போடவேண்டும். சினிஸ்டில் நிறுவனம் விற்கும் பிடபிள்யூஎக்ஸ்எக்ஸ் பிலிமும் பயன் மாறியதுதான்: 1959இல் வந்த கொடாக்கின் டபிள்-எக்ஸ் சினிமாப் பிலிமை 36 படத்துக்கு வெட்டி அடைத்தது. இவற்றுக்குத் தனிச்சொல் தேவையில்லை என்பது என் எண்ணம். அகராதிப் பதிவில் "முதற்பயன்: வான்படம்", "முதற்பயன்: சினிமா" என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஒரு சிக்கல் மிச்சம். அரிஸ்டா தனித் தாள்களாகவும் வருகிறது, அதைச் சுருள் என்பது சரியாகாது. மாங்குளத்திலும் முல்லைத்தீவிலும் ஸ்ரூடியோக்காரர் எல்லோரும் பிலிம் என்றுதானே சொல்கிறார்கள். "மறுபெயர்ப் பிலிம்" என்று பொதுச்சொல்லாக வைத்து, சுருளை அதன் ஒரு வகையாக்கலாமா? தாள் பிலிம் பாவிக்கிறவர்கள் சொல்லுங்கள்.