மரை போன ஸ்கோப் துளை: எபாக்ஸியா, பெரிய டேப்பா?

குறிநோக்கி:
போல்ட் ஆக்‌ஷன் ரைபிள். ரிசீவர் (பேரலுக்குப் பின்னாடி, போல்ட் ஓடுற உடம்பு) மேல ஸ்கோப் மாட்ட நாலு துளை, நாலுமே 6-48 மரை (6-ம் நம்பர் ஸ்க்ரூ, அங்குலத்துக்கு 48 மரை). பேஸ் (ஸ்கோப்பைத் தாங்குற அடித்தட்டு) மாட்டும்போது முன்பக்கத்து முதல் ஸ்க்ரூ நல்லா இறுகி வந்துச்சு, திடீர்னு பிடி விட்டுச் சும்மா சுத்துது. கழட்டிப் பார்த்தா அது மேல தலைமுடி கணக்கா ஒரு கம்பிச் சுருள் சுத்திக்கிட்டு வந்திருக்கு. ரிசீவரோட மரை அப்படியே உரிஞ்சிருக்கு. மத்த மூணும் சேதமில்லை. துளைக்குள்ள எபாக்ஸிப் பசை வெச்சு ஸ்க்ரூவை இறக்கிடலாமா? இல்ல, 8-40 (8-ம் நம்பர், அங்குலத்துக்கு 40 மரை) டேப் போட்டு, அதாவது பெரிய மரை வெட்டித்தான் ஆகணுமா?

தனிமரம்:
எபாக்ஸியே போதும் தம்பி. ரிசீவரில் டிரில் வைத்தால் திரும்பி வர வழியே கிடையாது. சுடும்போது பேஸுக்கு வருவது நீளவாக்கில் வரும் உதைப்பு. அதைத் தாங்குவது பேஸுக்கும் ரிசீவருக்கும் இடையிலுள்ள உராய்வு. பேஸின் அடியிலும் எபாக்ஸி தடவி முழுதாகப் படியவைத்துவிட்டால், மூன்று ஸ்க்ரூவும் அந்தப் படுகையும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். என் .22 ரைபிளில் இப்படித்தான் செய்தேன். எட்டு வருஷமாகக் குறி நகரவில்லை.

பட்டறைவாசி:
அண்ணே, .22-ல உதைப்பே கிடையாது, அதை வெச்சுப் பெரிய ரைபிளுக்குச் சொல்லக் கூடாது. உராய்வுதான் தாங்குதுன்னு நீங்க சொல்றது சரி. ஆனா அந்த உராய்வு எங்கேருந்து வருது? ஸ்க்ரூ கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கிற இழுப்புலேருந்துதான். எபாக்ஸியில வார்த்த மரைக்கு அந்த இழுப்பு நிக்காது. முழு டார்க் (முறுக்கு விசை) கொடுத்தா நொறுங்கும், கொடுக்கலன்னா இழுப்பே இல்ல. முன் ஸ்க்ரூ பேருக்கு இருக்கும், அதோட பங்கையும் பக்கத்து ஸ்க்ரூ சுமக்கும். கொஞ்ச நாள்ல அதுவும் தளரும்.

பேஸுக்கு அடியில எபாக்ஸிப் படுகை போடுறது நல்ல வேலை, அதை நான் மறுக்கல. துளையை அதால அடைக்கிறதைத்தான் வேண்டாங்கிறேன்.

8-40 ஏன்னு கேட்டா, 6-48 ஸ்க்ரூவோட வெளி விட்டம் 3.5 மி.மீ. 8-40 டேப்புக்குப் போடுற 28-ம் நம்பர் டிரில் 3.57 மி.மீ. அதாவது, பழைய மரை ஒரு துளிகூட மிச்சமில்லாமப் போயிடுது, சுத்திலும் புது இரும்புல மரை வெட்டுறோம். ஸ்க்ரூவோட இழுவைப் பரப்பும் கிட்டத்தட்ட 40 சதவீதம் கூடுது.

சுருள்கம்பி:
ஹெலிகாயில் (துளைக்குள் பதிக்கும் மரைச் சுருள்) போடலாமே? அசல் அளவு ஸ்க்ரூவையே வைத்துக்கொள்ளலாம், பேஸைத் தொட வேண்டியதில்லை.

பட்டறைவாசி:
கணக்குப் போட்டுப் பாருங்க. 6-48-க்குச் சுருள் உட்காரணும்னா வெளி மரை விட்டம் சுமாரா 4.2 மி.மீ. வெட்டணும். 8-40-யும் அதே 4.2-தான். அதே அளவு இரும்பை எடுத்துட்டு, சின்ன ஸ்க்ரூவையே எதுக்குத் திரும்பப் போடணும்? அதுவும் நாலஞ்சு மரை ஆழம்தான் கிடைக்கிற இடத்துல அந்தச் சுருள் எவ்வளவு பிடிக்கும்?

சுருள்கம்பி:
இரும்பு ரிசீவருக்கு ஒத்துக்கொள்கிறேன். அலுமினியம் என்றால் என் கட்சி மாறாது. மெத்தென்ற உலோகத்தில் அடிக்கடி கழட்டி மாட்டும் துளைக்கு எஃகுச் சுருள்தான் உழைக்கும்.

பட்டறைவாசி:
ஆழம் இருந்தா அலுமினியத்துல நீங்க சொல்றதுதான் சரி.

தனிமரம்:
சரி, டேப் என்றே வைத்துக்கொள்வோம். முன் வளையத்துத் துளைக்கு நேர் அடியில் பேரல் மரையும் சேம்பரும் (தோட்டா உட்காரும் அறை) இருக்கின்றன. கையில் டிரில் பிடித்து ஒருவர் கொஞ்சம் அதிகம் அழுத்திவிட்டால் என்ன ஆகும்? நான் பயப்படுவது அதற்குத்தான்.

பட்டறைவாசி:
நியாயமான பயம்ணே. இதைக் கை டிரில்லுல யாரும் தொடவே கூடாது. மில்லிங் மெஷின்ல ரிசீவரைக் கட்டி, பேரல் அச்சுக்கு நேர் பார்த்து, பழைய ஆழத்துக்கு ஒரு நூல்கூட மேல போகாம ஸ்டாப் வெச்சுப் பண்ணணும். மறுபக்கம் திறக்காத குருட்டுத் துளைங்கறதால கடைசியில பாட்டமிங் டேப் (அடிவரைக்கும் மரை வெட்டுறது). பழைய மவுசர் 98 மாதிரி மேல்தோல் கடினமாக்கின ரிசீவர்னா சாதாரண டேப் ஒடிஞ்சு உள்ளேயே மாட்டிக்கும். அதனால துப்பாக்கி வேலை தெரிஞ்சவர்கிட்டதான் கொடுக்கணும். பேஸ்லயும் அந்தத் துளையை 8-40-க்குப் பெரிசாக்கணும், ஸ்க்ரூ தலை உட்காரும் குழியையும் சேர்த்து. இதைப் பலர் மறந்துடுறாங்க. வெல்டு வெச்சு அடைச்சுத் துளைக்கலாம்னு யாராவது சொன்னா மட்டும் கேக்காதீங்க. அந்தச் சூட்டுல ரிசீவரோட பதமே போயிடும்.

குறிநோக்கி தம்பி, அதுக்கு முன்னாடி ஒண்ணு. நல்ல மரை சும்மா உரியாது. அந்த ஸ்க்ரூவைப் பேஸுல போட்டு, அடியில எவ்வளவு நீட்டிக்கிட்டு இருக்குன்னு வெர்னியர்ல அளந்து சொல்லுங்க.

குறிநோக்கி:
அளந்தேன். 1.6 மி.மீ.

பட்டறைவாசி:
6-48-ல ஒரு மரைக்கு 0.53 மி.மீ. அப்ப உங்களுக்கு மூணே மரைதான் பிடிச்சிருக்கு. மூணு மரை மேல முழு டார்க்கையும் ஏத்தினா உரியத்தான் செய்யும். பல பேஸ்ல முன்னும் பின்னும் ஸ்க்ரூ நீளம் வேற வேற. மாத்திப் போட்டிருக்கீங்களான்னு பாருங்க. நீளமானது பின்பாலத்துல (ரிசீவரோட பின்பக்கம்) போயிருந்தா போல்ட் உரசும்.

குறிநோக்கி:
ஆமாம்ணே. பின்னாடி ஸ்க்ரூ ஒண்ணு உள்ளே துருத்துது, போல்ட்டுல அந்த இடத்துல பளபளன்னு ஒரு கோடு விழுந்திருக்கு. போல்ட் புதுசுங்கறதால அப்படித்தான் இருக்கும்னு நான் விட்டுட்டேன். முன் துளையின் ஆழத்தையும் அளந்தேன். சரியான ஸ்க்ரூ போட்டிருந்தா ஆறு மரை பிடிச்சிருக்கும்.

பட்டறைவாசி:
அப்ப காரணம் கிடைச்சாச்சு. அந்த ஒரு துளையை மட்டும் 8-40 ஆக்குங்க, மத்த மூணும் 6-48 ஆகவே இருக்கட்டும். மாட்டும்போது துளையில எண்ணெய் இல்லாம நல்லாத் துடைச்சு, லாக்டைட் 242 (மரை தளராமப் பிடிக்கிற பசை) ஒரு சொட்டு. அதுவும் வழவழப்புதான், அதனால காய்ஞ்ச மரைக்குக் கொடுக்கிற டார்க்கைவிடக் கொஞ்சம் குறைச்சுக் கொடுங்க. ஸ்க்ரூ துளையோட அடியில போய் முட்டி நிக்குதான்னும் பாருங்க. கைக்கு இறுக்கமாத் தெரியும், பேஸ் பிடிச்சிருக்காது.

தனிமரம்:
பேஸ் அடியில் படுகை போடச் சொல்லுங்கள். அதை நான் விட்டுத்தர மாட்டேன்.

குறிநோக்கி:
ரெண்டையும் செய்யச் சொல்லிக் கொடுக்கிறேன் ஐயா. இன்னிக்குப் பின் ஸ்க்ரூவைக் கழட்டியாச்சு, போல்ட் வழுக்கிக்கிட்டுப் போகுது.