அம்மாவின் கல்வெட்டில் அவவுக்கு வந்த நோயைப் பற்றி எழுதலாமா?

கொக்குவில் மகள்:
அம்மா மோசம்போய் இரண்டு கிழமையாகிறது. 31ஆம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை, அதற்குள் கல்வெட்டு, அதுதான் அம்மாவின் நினைவுப் புத்தகம், அடிக்க வேண்டும். "நீதானே எழுதுவாய்" என்று அண்ணன்மார் என் தலையில் கட்டிவிட்டார்கள். பஞ்சபுராணம், திதி வெண்பா எல்லாம் அச்சகக்காரர் பார்த்துக்கொள்வார். வாழ்க்கை வரலாறுதான் இடிக்கிறது.

பிறந்தது, படித்தது, கலியாணம், பிள்ளைகள் என்று ஒரு பக்கம் ஓடிவிட்டது. கடைசிக்கு வந்ததும் 'சிறிது காலம் சுகவீனமுற்றிருந்து இறைவனடி சேர்ந்தார்' என்று முடி என்கிறார் பெரியண்ணன். மார்புப் புற்றுநோய் என்று போட்டால் சனம் என்ன கதைக்குமோ என்று பயம். வீட்டில் இப்போதும் 'அந்த வருத்தம்' என்றுதான் பேச்சு.

எனக்கோ அம்மாவை உள்ளபடி தெரியவந்ததே அந்தக் காலத்தில்தான். தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு மருந்து ஏற்றப் போகும்போது ஒரு சீ.ஆர். கொப்பி கொண்டுவருவா, கலண்டர் தாளில் உறை போட்டது. இடப்பக்கம் என்ன சாப்பிட்டது, எத்தனை தரம் சத்தி எடுத்தது. வலப்பக்கம் முட்டை விற்ற கணக்கு. பக்கத்துக் கட்டில்காரி அழுதால், "முதல் அழு, பிறகு சாப்பிடு. சாப்பிட்டிட்டு அழாதை, சத்தி வரும்" என்பா. தலைமயிர் கொட்டியபோது, "எண்ணெய்ச் செலவு மிச்சம்" என்றா. இதை விட்டுவிட்டு எழுதினால் அது யாருடைய அம்மா?

பழைய வாத்தியார்:
பிள்ளை, நான் ஊரில் கன கல்வெட்டுகளுக்கு எழுதிக் கொடுத்தவன். மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் எல்லாம் அச்சகத்தில் ஆயத்தமாகவே கிடக்கும். பேரை மாற்றினால் எந்த வீட்டுக்கும் பொருந்தும். உங்கள் அம்மாவின் கொப்பி வேறு எந்த வீட்டுக்கும் பொருந்தாது, எழுதுங்கோ. அண்ணருக்குச் சங்கடமென்றால் வரலாற்றில் அவருடைய வரி நிற்கட்டும், இதை 'மகளின் நினைவில்' என்று தனியாகப் போடலாம்.

திதி வெண்பாவைக் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடாதேங்கோ. வருடம், மாதம், பட்சம், திதி அதில்தான் நிற்கும். பிறகு திவசத்துக்கு நாள் பார்ப்பதும் அதை வைத்துத்தான். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் சில நாள் ஒத்துவராது. உங்கள் வீட்டு வழக்கம் எதுவென்று ஐயரிடம் கேளுங்கோ.

ரொறன்ரோ சின்னம்மா:
வாத்தியார் சொல்வது சரி, ஆனால் ஒன்று. அம்மா ஊருக்குச் சொன்னவவா? என் மாமி கடைசிவரை வாய் திறக்கவில்லை. அவ போனபிறகு மருமகள் எல்லாவற்றையும் அச்சில் போட்டதை என்னால் வாசிக்கவே முடியவில்லை. கல்வெட்டைக் கையில் வாங்குவது சொந்தக்காரர் மட்டுமில்லை.

கிளினிக் தாதி:
நான் வேறு பக்கத்தால் வருகிறேன். தாய்க்கோ சகோதரிக்கோ மார்புப் புற்றுநோய் இருந்தால் ஒரு பெண்ணுக்கு அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு. எங்களிடம் வருகிறவர்களிடம் 'குடும்பத்தில் யாருக்கும் இருந்ததா, எந்த வயதில்?' என்று கேட்போம். "அம்மம்மா ஏதோ சுகவீனம்" என்பார்கள். அதை வைத்து என்ன செய்வது? அச்சில் போடுவது உங்கள் விருப்பம். வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு வருத்தத்தின் பேரும் வயதும் கட்டாயம் தெரியவேண்டும்.

கொக்குவில் மகள்:
எல்லாருக்கும் நன்றி. சின்னம்மா, அம்மா மறைக்கவே இல்லை. சந்தையில் யாரும் கேட்டால், "கான்சர்தான், பயப்படாதை, தொத்தாது" என்பா. மறைத்தது அண்ணன்மார்தான்.

நேற்றுக் கொப்பியைப் பெரியண்ணனிடம் கொடுத்தேன். கனநேரம் வைத்திருந்தார். கடைசியில், முட்டைக் கணக்கில் தன்னுடைய பேருக்கு நேரே கடன் என்றிருக்கும் பக்கத்தை மட்டும் போடவேண்டாம் என்றார்.

வாத்தியார், நூலகம் இணையத்தளத்தில் பழைய கல்வெட்டுகளை ஸ்கான் செய்து போட்டிருக்கிறார்களே, அவர்களுக்கு அச்சுப் பிரதியைத்தான் கொடுக்கவேண்டுமா, பீடிஎஃப் அனுப்பினாலும் எடுப்பார்களா?