நாத்தனார் முடிச்சு போடணும், ரவிக்கை ஏறவில்லை. என்ன செய்ய?

தாமிரபரணிக்காரி (பாளையங்கோட்டை):
ஆவணியில் தம்பிக்குக் கல்யாணம், திருநெல்வேலி டவுனில் மண்டபம். நாத்தனார் முடிச்சு போட வேண்டியவள் நான்தான். பிள்ளைக்கு எட்டு மாதம், இன்னும் பால் கொடுக்கிறேன். பழைய ரவிக்கை எதுவும் முழங்கையைத் தாண்டி ஏற மாட்டேன் என்கிறது. வீட்டில் நைட்டியும் மேலே ஒரு துண்டும்தான் என் உடுப்பு. உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு, வயிறு இன்னும் உள்ளே போகவில்லை. "தொளதொளன்னு தைச்சுக்கோ, ஒண்ணும் தெரியாது" என்கிறார் மாமியார். உடம்பை இறுக்கிப் பிடிக்கிற ஷேப்வேர் உள்ளாடை வாங்கு என்கிறாள் தோழி. மணப்பெண் பின்னால் நின்று கையை நீட்டும்போது வீடியோக்காரர் சரியாகப் பக்கவாட்டில் வந்து நிற்பார். அதை நினைத்தாலே மேடை ஏற மனசில்லை. வழி சொல்லுங்க அக்காமாரே.

வீரவநல்லூர் மருமகள்:
கனத்த பட்டுச் சேலையை விட்டுவிட்டு எங்க ஊர் செடிபுட்டா சேலை பாருங்க. செடியும் பூவும் ஊசியால் போட்ட வேலை மாதிரி தெரியும், ஆனால் எல்லாம் தறியிலேயே நெய்தது. 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மடிப்பு படிந்து நிற்கும். சின்னக் கரையாக எடுங்க, அகலக் கரை குள்ளமானவங்களை இன்னும் குள்ளமாகக் காட்டும். எனக்கும் உங்க உயரம்தான்.

தையல்கடை அக்கா (வண்ணார்பேட்டை):
சேலை எதுவானாலும் சரி, முதலில் ரவிக்கையைப் பேசுவோம். தொளதொளவென்று தைத்தால் ஒன்றும் மறையாது, தோளிலிருந்து தொங்கி மொத்த உடம்பையும் ஒரே அகலமாகக் காட்டும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் பழைய ரவிக்கையை நீட்டி "இதே அளவுக்குத் தைங்கக்கா, அதுக்குள்ள இளைச்சிருவேன்" என்பார்கள். இன்றைக்கு இருக்கிற உடம்புக்குத்தான் தைக்க வேண்டும்.

தோள் தையல் எலும்பு முடிகிற இடத்தில் உட்காரணும். அடுத்தது அக்குள் வெட்டு. கை தூக்க வசதியாக இருக்கும் என்று அதை இறக்கி வெட்டச் சொல்வார்கள். நடப்பது நேர் எதிர். அக்குள் இறங்கினால் கையைத் தூக்கும்போது ரவிக்கை முழுக்க மேலே இழுபட்டு இடுப்பு வெளியே தெரியும். நீங்கள் முடிச்சு போடப் போகிறவர், அதனால் அக்குளை ஒட்டி வெட்டச் சொல்லுங்க. அளவு கொடுக்கும்போதே கையை முன்னால் நீட்டிக் காட்டுங்க. ரவிக்கையின் கை முழங்கைக்குச் சற்று மேலே முடியட்டும். மேல்கையின் தடித்த இடத்தில் நிறுத்தினால் கண் அங்கேதான் போய் நிற்கும்.

கொக்கி முன்பக்கம் இருந்தால் பிள்ளைக்குப் பால் கொடுக்க எளிது. பக்கத் தையலில் உள்ளே ஒன்றரை இன்ச் துணி விடச் சொல்லுங்க, பால் கட்டும் நேரத்துக்கும் பிறகு இளைப்பதற்கும் பிரித்துப் பிடித்துக்கிடலாம். சேலையோடு வருகிற 80 செ.மீ. துண்டு நீளக் கைக்குப் பற்றாமல் போகலாம், வெட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்க. லைனிங் பருத்தித் துணியை நனைத்துக் காயவைத்துக் கொடுங்க. இல்லையென்றால் முதல் சலவையில் லைனிங் மட்டும் சுருங்கி மேல்துணி உப்பிக்கொள்ளும்.

உள்பாவாடையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நாடா வயிற்றுக்குக் கீழே இறங்கினால் வயிறு அதன்மேல் வழியும். தொப்புள் மட்டத்தில் அகலப் பட்டி வைத்துக் கட்டுங்க. பிரசவம் ஆபரேஷன் என்றால் தழும்பின் மேல் நாடா படவே கூடாது.

ஓய்வுபெற்ற டீச்சர் (அம்பாசமுத்திரம்):
ஷேப்வேர் வேண்டாம்மா. நம்ம ஊர் வெயிலுக்கு ஆவணியிலும் வேர்த்துக் கொட்டும், ஹோமப் புகை வேறு. கஞ்சி போட்ட காட்டனும் வேண்டாம், வயிற்றிடம் விறைத்துக்கொண்டு நிற்கும். அன்றைக்குப் போடுகிற செருப்பைப் போட்டுக்கொண்டே சேலை கட்டுங்க. மேடையில் கழற்றத்தான் போகிறீர்கள், அதனால் அதிக ஹீல்ஸ் இல்லாததாகப் பாருங்க, இல்லையென்றால் கொசுவம் தரையில் புரளும். முந்தியை ஒற்றையாக விடாமல் மடித்துத் தோளில் பின் குத்துங்க, பிள்ளை பிடித்து இழுப்பான்.

தாமிரபரணிக்காரி:
அக்கா, அக்குள் விஷயம் புதுசாக இருக்கு. வீட்டுக்கிட்ட இருக்கிற தையற்காரர் அண்ணாச்சி எப்பவும் இறக்கித்தான் வெட்டுவார், சொன்னால் கேட்கவும் மாட்டார். கத்தரிப்பூ நிறத்தில் செடிபுட்டா எடுக்கலாமா? குண்டானவர்கள் கறுப்பு, கருநீலம்தான் கட்டணும் என்கிறார்களே?

தையல்கடை அக்கா:
கல்யாண வீட்டில் கறுப்பு கட்டினால் உங்க மாமியாரே விடமாட்டார்! கத்தரிப்பூ தாராளமாக எடுங்க. ரவிக்கையும் அதே நிறத்தில் இருந்தால் இடுப்பில் நிறம் வெட்டாது, உயரமாகத் தெரியும். அண்ணாச்சியிடம் முதலில் பழைய லைனிங் துணியில் ஒன்று தைக்கச் சொல்லுங்க. அதைப் போட்டு, பிள்ளையைத் தூக்கி, கையை நீட்டிப் பாருங்க. இழுத்தால் திரும்ப வெட்டச் சொல்லலாம், நல்ல துணி தப்பிக்கும். ஆடி முடிவதற்குள் கொடுத்துவிடுங்க. ஆவணி பிறந்துவிட்டால் எந்தத் தையல் கடையிலும் பேச நேரமிருக்காது, என் கடையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.